ஜோடி சேராத வலது செருப்பு

ஐம்பத்தேழாம் நம்பர் மூட்டையும் ஐம்பத்தெட்டாம் நம்பர் மூட்டையும் அவிழ்ந்து படிக்கட்டில் கொட்டியதற்கு நான்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஊரில் எது நடந்தாலும் பழி மேலே கோயிலில் இருப்பவர் மேல் போய்விடும். ஜீப் நின்றுபோனால் அவர் சித்தம். மழை பெய்தால் அவர் கருணை, பெய்யாவிட்டால் அவர் சோதனை. "இன்னைக்கு என்ன சமையல்?" என்று மனைவியைக் கேட்டால்கூட, "அவர் குடுக்கறது" என்றுதான் பதில் வரும். அப்படிப்பட்ட ஊரில், ஒரு தப்பைச் செய்தவனிடம் "நீதான் செஞ்ச" என்று ஒருவர் நேராகச் சொன்னால் எவ்வளவு நிம்மதி என்பது பலருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன், அதுவும் ஒரே ஒரு ஆளிடமிருந்து.

ஊரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சுற்றிலும் காடு. நடுவில் நாற்பது வீடு, மூன்று விடுதி, ஒரு தபால் ஆபீஸ். அதற்கு மேல் அறுநூற்றுப் பன்னிரண்டு படி. படி முடிகிற இடத்தில் கோயில், தொடங்குகிற இடத்தில் என் செருப்பு ஸ்டாண்ட். அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டுப் பாதையில் நாலு கிலோமீட்டர் நடந்து வருகிறவர்கள் எங்களிடம் செருப்பைக் கொடுத்து, டோக்கன் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். தனி ஆள் என்றால் செருப்பு தட்டுக்குப் போகும். கூட்டமாக வந்தால் அத்தனை பேர் செருப்பையும் ஒரே சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, கூட்டத் தலைவரிடம் ஒரே டோக்கனாகக் கொடுத்துவிடுவோம். டோக்கன் கொடுப்பது என் மனைவி. மூட்டை தூக்குவது நான். மூளை வேலை, உடம்பு வேலை என்று கல்யாணமான புதிதிலேயே பிரித்துக்கொண்டோம். பிரித்தது அவள்தான்.

அன்று காலை பதினொரு மணி. இரண்டு சாக்கும் வாசல் படியில் கிடந்தன.

"ஒவ்வொண்ணா எடுங்க" என்றாள்.

"ஏன், என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

"பாத்துட்டுதான் சொல்றேன்."

இதற்குப் பிறகு ஒரு ஆண்மகன் என்ன செய்வான்? தோளுக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கினேன். தூக்கியதோடு விட்டிருக்கலாம். அவள் பார்க்கிறாளா என்று திரும்பினேன். திரும்பிய கால் அநாதைப் பெட்டியில் இடித்தது. நான் உட்கார்ந்தேன், மூட்டைகள் உருண்டன, பெட்டி கவிழ்ந்தது. நூறு செருப்புக்கு மேல் எனக்கு முன்னால் படியிறங்கிப் போனது.

அநாதைப் பெட்டி என்று நாங்கள் சொல்வது, ஜோடி இல்லாத செருப்புகளைப் போட்டு வைக்கிற மரப்பெட்டி. குரங்கு ஒன்றைத் தூக்கிப் போய் மற்றதை விட்டுவைக்கும். அவசரத்தில் சிலர் வேறு செருப்பை மாட்டிக்கொண்டு போவார்கள். அப்படி மிஞ்சியதையெல்லாம் வாரத்துக்கு ஒருநாள் சாக்கில் கட்டி ஜீப்பில் ஏற்றி, அடிவாரத்தில் இருக்கிற செருப்புத் தைப்பவருக்கு அனுப்பிவிடுவோம். அவர் பக்கிளைக் கழற்றிக்கொள்வார், ரப்பரை அறுத்து மற்ற செருப்புகளுக்கு அடி போடுவார். அன்று ஜீப் கிளம்புகிற நாள்.

உட்கார்ந்து ஜோடி சேர்த்தோம். இந்த வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. பதினேழு வருஷம் பிறர் செருப்பைப் பார்த்தவன். குதிகால் தேய்ந்த விதத்தைப் பார்த்தே ஆள் மாமனார் வீட்டோடு இருக்கிறாரா, தனிக்குடித்தனமா என்று சொல்வேன். சரியாக இருக்குமா என்று யாரும் விசாரித்ததில்லை, அதனால் இதுவரை தப்பானதும் இல்லை.

கடைசியில் ஒரு செருப்பு மிஞ்சியது. வலது கால். பழுப்புத் தோல், பின்பட்டை வைத்தது. மேலே பார்த்தால் சாதாரணச் செருப்பு, அடி மட்டும் மூன்று விரல் கனம்.

"இது என்ன இப்படி இருக்கு?" என்றாள் மனைவி. "இதோட ஜோடி எங்க?"

"ஜோடியே கிடையாது. யாரோ தைக்கத் தெரியாம தைச்சது. பெட்டியில கிடந்த சரக்கு."

"பெட்டியில நான் பாத்ததில்லையே."

"பழகின கண்ணு சொல்லுதும்மா."

பழுப்பில் ஒரு இடது கால் செருப்பும் ஜோடி இல்லாமல் கிடந்தது. மெல்லிய அடி. பெட்டியிலிருந்து விழுந்த ஒரு பழுப்பு வலதை அதன் பக்கத்தில் வைத்தேன். அளவு சரி, நிறம் ஏறக்குறைய சரி. ஜாதகம் பார்க்காமல் முடித்துவைத்தேன். கனத்த செருப்பு பெட்டிக்குப் போனது, பெட்டியில் இருந்ததெல்லாம் ஜீப் சாக்குக்குப் போனது, ஒன்றரை மணிக்குச் சாக்கு ஜீப்பில் இறங்கிப் போனது.

இரண்டு மணிக்கு ஐம்பத்தேழாம் நம்பர் கூட்டம் கோயிலிலிருந்து இறங்கி வந்தது. தலைவர் டோக்கனை நீட்டினார். சாக்கைத் தரையில் கவிழ்த்தேன். ஆளாளுக்குத் தங்கள் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். எல்லாருக்கும் பின்னால், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது என் அண்ணன்.

"என்னண்ணே, சொல்லாம கொள்ளாம?"

"தையல் கடைக்காரங்க எல்லாரும் சேந்து கிளம்பினாங்க, நானும் தொத்திக்கிட்டேன். காலையில உன்னத் தேடினேன்டா, உன் வீட்டுக்காரி டோக்கன் கூட்டத்துல மாட்டிக்கிட்டிருந்தா. பரண்லேர்ந்து ரெண்டு காலு மட்டும் தொங்குது. கூப்பிட்டேன். 'அங்கேயே வைங்க சார்'னு குரல் வந்துச்சு."

"சாரா?"

"சார்தான். நல்ல மரியாதை. சரின்னு வெச்சுட்டுப் போயிட்டேன்."

பேசிக்கொண்டே குனிந்து இடது செருப்பை மாட்டினான். வலதை மாட்டினான். நிமிர்ந்தான். நிமிர்ந்தவன் நேராக நிற்கவில்லை, வலது பக்கமாகச் சாய்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டான்.

"இது என்னுது இல்லையேடா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எனக்குப் பத்தொன்பது வயது, அண்ணனுக்கு இருபத்துமூன்று. அடிவாரச் சரிவில் சைக்கிளில் இறங்கிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன், அண்ணன் கேரியரில். ஹேண்டில்பாரிலிருந்து இரண்டு கையையும் எடுத்து விரித்துப் பறக்கிற மாதிரி காட்டினேன். பாலத்துச் சுவரில் மோதினோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அண்ணனுக்கு வலது தொடையெலும்பு. அடுத்த திங்கட்கிழமை அவனுக்கு வனக்காவலர் வேலைக்கு ஓட்டப் பரீட்சை இருந்தது. நாலு மாசம் கழித்து அவன் கட்டிலை விட்டு எழுந்தபோது வலது கால் மூன்று விரல் குட்டை. அப்புறம் தையல் கற்றுக்கொண்டு, இப்போது டவுனில் கட்டிங் மாஸ்டர். நாளெல்லாம் மேஜை முன்னால் நின்று துணி வெட்டுகிற வேலை.

யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பா, "அவர்தான் உயிரைக் காப்பாத்தினார்" என்றார். அம்மாவும் அதையே சொன்னாள். பேனாவைத் தொலைத்ததற்கு விளக்குமாற்றால் அடி வாங்கியவன் நான், அண்ணன் காலை ஒடித்ததற்கு ஒரு முறைப்புக்கூடக் கிடைக்கவில்லை. அண்ணனிடமே மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் ஒரு தடவை, அவன் கல்யாணத்தன்று ஒரு தடவை, எனக்குப் பெண் பிறந்த அன்று ஒரு தடவை. "என் மேல கோவமாண்ணே?" மூன்று தடவையும் ஒரே பதில்: "விடுடா. அவர் நெனச்சது நடந்துச்சு."

வருஷத்துக்கு ஒருமுறை அண்ணியோடு வருவான். செருப்பை அவனே கழற்றி ஒரு துணிப்பையில் போட்டுச் சுருட்டிக் கொடுப்பான். நான் வாங்கி மேல்தட்டில் வைப்பேன். அந்தப் பையை ஒருநாளும் அவிழ்த்துப் பார்த்ததில்லை. ஊரில் எல்லார் செருப்பும் அத்துப்படி, அண்ணன் செருப்பு மட்டும் என்ன நிறம் என்றுகூடத் தெரியாது. பார்க்கத் தைரியம் இல்லை என்பதுதான் காரணம். இந்தத் தடவை பை கிழிந்துபோனதால் வெறுமனே சாக்கில் போட்டிருக்கிறான். பழகின கண் அதைத் தைக்கத் தெரியாதவன் தைத்தது என்று சொல்லிவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"ஜீப்பு போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"டிரைவருக்குப் போன் போடு."

"காட்டுக்குள்ள டவர் கிடையாது. தைக்கிறவர்கிட்ட போனே கிடையாது."

"அதைச் செஞ்சு வாங்க நாலு மாசம் ஆச்சுடா." குரலை உயர்த்தவில்லை. "அது இல்லன்னா மேஜைகிட்ட அரை மணி நேரம்கூட நிக்க முடியாது. நாளைக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம் முந்நூறு வெட்டணும்."

"தப்பு என்னுதுதான் அண்ணே."

"விடு. அவர் சோதிக்கறாரு."

என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் எனக்கு வேண்டியதெல்லாம் இருந்தது, ஆனால் அவள் சொன்னால் கணக்கில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை சொல்கிறவள்.

கூட்டத் தலைவர் நல்ல மனுஷர். "நாங்க முன்னாடி போய் அந்தக் கடையில சொல்லி வைக்கறோம். நீங்க மெதுவா வாங்க. ஆனா அஞ்சு மணிக்குக் காட்டு கேட்டை மூடிடுவாங்க, அதுக்குள்ள பஸ்ஸுக்கு வந்துடணும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மனைவி என் ரப்பர் செருப்பு இரண்டையும் கழற்றச் சொன்னாள். தன்னுடையதில் ஒன்றையும் சேர்த்து மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சாக்குக் கட்டுகிற கயிற்றால் அண்ணனின் வலது காலோடு இறுக்கிக் கட்டினாள். நீலம், பச்சை, நீலம்.

"உயரம் சரியா இருக்கா மாமா?"

"உன் கை அளவெடுக்கற கை, அம்மா. எங்க கடையில சேந்துடு" என்றான் அண்ணன்.

அதனால் நான் வெறுங்காலோடு கிளம்பினேன். சுற்றிலும் முந்நூறு ஜோடி செருப்பு இருந்தது. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே.

காட்டுப் பாதை நமக்கு வேண்டிய வேகத்தில் இறங்குவதில்லை. வேர்களும் கற்களுமாக அது பாட்டுக்கு வளைந்து வளைந்து போகிறது. அண்ணன் ஒரு கையில் கம்பும் மறு கை என் தோளிலுமாக நடந்தான். கயிறு பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தளர்ந்தது. நான் உட்கார்ந்து கட்டினேன். மூன்றாவது தடவை கட்டும்போது அவன் கணுக்கால் வீங்கியிருந்தது தெரிந்தது.

"நான் முன்னாடி ஓடிடட்டுமாண்ணே? நீ பின்னாடி மெதுவா வா."

"நீ ஓடினா விழுவ. அப்புறம் உன்னையும் சேத்துத் தூக்கணும்."

"இப்பவும் நான்தானே உன்னைத் தாங்கிக்கிட்டு வர்றேன்."

"அப்படியா? உன் முழு வெயிட்டும் என் தோள்லன்னு நெனச்சேன்."

எனக்குக் காலில் முள் குத்தியிருந்தது. அதைச் சொல்கிற தகுதி எனக்கு இல்லை என்பதால் ஒருபக்கமாகச் சாய்ந்து நடந்தேன். எதிரில் ஏறி வந்த ஒரு குடும்பம் எங்களைப் பார்த்து ஒதுங்கி வழிவிட்டது. "பெரிய வேண்டுதல் போல" என்று அந்த அம்மா வீட்டுக்காரரிடம் சொன்னது காதில் விழுந்தது. அண்ணன் அவர்களைப் பார்த்து பக்தியோடு தலையாட்டினான்.

பாதி வழியில் வனத்துறைச் சாவடி. காக்கிச் சட்டைக் காவலர் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டில் ஆள் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அண்ணன் வயதுதான் இருக்கும். அண்ணனின் காலைப் பார்த்தார்.

"என்ன சார் இது, புது மாடலா?"

"தம்பி கடை டிசைன்" என்றான் அண்ணன். "வேணும்னா சொல்லி வைக்கறேன்."

காவலர் சிரித்துக்கொண்டே எழுந்து வந்து தடுப்புக் கட்டையைத் தூக்கிவிட்டார். திடமான கருப்பு பூட்ஸ் போட்டிருந்தார். அண்ணன் கண் அதில் ஒரு நொடி தங்கியதை நான் பார்த்தேன். அவர் மறைந்ததும் கேட்டேன்.

"அண்ணே, அன்னைக்கு அந்தப் பரீட்சையில ஓடியிருந்தா..."

"ஓடியிருந்தா ஓடியிருப்பேன்."

"வேலை கெடச்சிருக்குமா?"

"அது அவர் கையில."

"அவர் கையா, என் கையா?"

"கயிறு அவிழுது பாரு" என்றான். குனிந்தேன். அவிழவில்லை.

எனக்குப் பேசாமல் நடந்து பழக்கம் இல்லை, மூச்சு வாங்கியது.

அடிவாரத்தை அடையும்போது மணி நாலே கால். கேட்டுக்கு வெளியே பஸ் நின்றது, கூட்டம் ஏறி உட்கார்ந்திருந்தது. செருப்புத் தைப்பவரின் கடை பஸ்ஸுக்குப் பத்தடியில்: மேலே ஒரு தார்ப்பாய், கீழே ஒரு பலகை, இரும்புக் கட்டை, ஊசிகள் குத்தி வைத்த மரத்துண்டு. அவர் அடிவாரத்து ஆள், மலைக்கு ஏறி வந்து நான் பார்த்ததில்லை. மடியில் அண்ணனின் செருப்பு இருந்தது. மேல்பாகம் தனியாக, அடி தனியாக.

"சரியான நேரத்துக்கு உங்க கூட்டத் தலைவரு வந்து கத்தினாரு" என்றார். "அடியைப் பேத்துட்டேன். கத்தியை வெச்சு ரெண்டாப் போட இருந்தேன்."

அண்ணன் பலகையில் உட்கார்ந்து இரண்டையும் கையில் வாங்கிப் பார்த்தான். துணி பார்க்கிற மாதிரி ஓரத்தை விரலால் தடவினான்.

"சேக்க முடியுமா?"

"முடியும். பசை போட்டு, ஓரத்துல தைச்சுத் தர்றேன். அரை மணி. ஆனா பசை பிடிக்கற வரைக்கும் யாராவது அழுத்திப் பிடிக்கணும், என் இடுக்கி உடைஞ்சு கிடக்கு." பசையைத் தடவிச் சேர்த்து இரும்புக் கட்டையில் கவிழ்த்து வைத்தார். நான் முன்னால் வந்து இரண்டு கையாலும் அழுத்தினேன்.

அவர் நூலுக்கு மெழுகு தடவிக்கொண்டே பேசினார். "இது அளவெடுத்துச் செஞ்ச வேலை. கார்க்கு வெச்சு, மேல தோலு, அடியில ரப்பரு. இதைப் போயி மூட்டையில போட்டிருக்காங்க. யாரு போட்டது?"

"மூட்டை அவிழ்ந்துடுச்சு" என்றேன்.

"மூட்டை அதுவா அவிழுமா?"

"எப்படியோ எல்லாம் கலந்துபோச்சு. பெட்டி வேற கவிழ்ந்துடுச்சு."

"யாரு எடுத்துப் போட்டதுன்னு கேக்கறேன்."

இருபத்திரண்டு வருஷமாக நேரான பேச்சுக்கு ஏங்கியவன் நான். நடந்ததை இரண்டு மணிக்கு அண்ணனிடம் ஒழுங்காகச் சொன்னவன் நான். ஆனால் முன்பின் தெரியாத ஒரு தொழிலாளி அந்த வேலையை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்துக் கேட்டபோது வாய் தானாக ஊர்ப் பேச்சுக்குப் போய்விட்டது.

"எல்லாம் அவர் சோதனை" என்றேன்.

கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணன் நிறுத்தினான். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கயிறு அழுத்திய இடத்தில் கால் சிவந்து கிடந்தது.

"அவரை விடு, பாவம்" என்றான் என்னிடம். பிறகு செருப்புத் தைப்பவர் பக்கம் திரும்பினான். "இவன்தாங்க போட்டது. வீட்டுக்காரி கேட்டிருக்கா, ஜோடி எங்கன்னு. தனக்குத் தெரியும்னு சொல்லித் தூக்கிப் போட்டிருக்கான்."

செருப்புத் தைப்பவர் என்னைப் பார்த்தார். "அழுத்துங்க சார். கை தளருது" என்றார்.

அழுத்தினேன். பஸ்காரர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். யாரோ ஜன்னல் வழியாக, "வந்துடுவாரு, இருங்க" என்றார்கள். இப்போது கேட்காவிட்டால் இனிமேல் எப்போதும் கேட்க மாட்டேன் என்று பட்டது. தலையைத் தூக்காமல் செருப்பைப் பார்த்தே கேட்டேன்.

"அப்ப, காலுண்ணே?"

அண்ணன் மூன்று ரப்பர் செருப்புகளையும் கட்டிய கயிற்றை முடிச்சு முடிச்சாக அவிழ்த்தான். அவிழ்த்து, என்னுடைய இரண்டையும் என் வெறுங்காலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தான்.

"அதுவும் நீதான்டா" என்றான். "ஹேண்டில்பாரைப் பிடின்னு ரெண்டு தடவை சொன்னேன். நீ சிரிச்சுக்கிட்டே கைய விட்ட. பல வருஷம் உன் மேல ரொம்பக் கோவம் இருந்துச்சு. இப்பவும் மாடிப்படி ஏறும்போது கொஞ்சம் வரும்."